பழைய பெருஞ்சுமை லாரிகள், டிரெய்லர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய கனரக வண்டிகள் கூடும் விழா எங்கே நடந்தாலும் போய்ப் பார்த்துவிடுகிற ஆள் நான். எடுத்த படங்களைக் காட்டினால் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையெல்லாம் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே வைக்கிறேன்.

எந்தக் காலத்து வண்டிகளைச் சொல்கிறீர்கள்?

பிரிட்டனில் 1920களின் கடைசியிலிருந்து 1980கள் வரை ஓடியவை. நெல் மூட்டையும் சிமென்ட்டும் ஏற்றும் சாதாரண லாரிகள் இல்லை. ரயில் என்ஜின், மின்மாற்றி, கொதிகலன், கப்பலின் பாகம் என்று பிரிக்க முடியாத ஒற்றைச் சுமையை ஏற்றிப் போனவை. பிரித்துக் கொண்டுபோக முடியும் என்றால் யாரும் இந்த வண்டிகளைக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு முன்னால் இதே வேலையை நீராவி இழுவை என்ஜின்கள் செய்தன, அதற்கும் முன்னால் குதிரைகள். இந்தத் தொழிலில் பெரிய பெயரான வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரத்து வின்ஸ் குடும்பம் 1863இல் குதிரை வண்டிகளோடு ஆரம்பித்ததுதான்.

80 எச்.பி. எஞ்சின் 100 டன்னை இழுத்தது என்கிறீர்கள். என் காரிலேயே அதைவிட அதிகம் இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. இழுக்கும், ஆனால் அவசரப்படாது.

நீங்கள் கேட்பது ஸ்கேமல் 100 டன் வண்டியைப் பற்றி. லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டில் இருந்த ஸ்கேமல் லாரீஸ் நிறுவனம் 1929ஐ ஒட்டிச் செய்தது. மொத்தமே இரண்டுதான் செய்தார்கள். முதலாவது, கே.டி. 9168 என்ற பதிவெண் கொண்டது, லிவர்பூலின் மார்ஸ்டன் ரோட் சர்வீசஸுக்குப் போனது. பிறகு எட்வர்ட் பாக்ஸ், அப்புறம் பிக்ஃபோர்ட்ஸ் என்று சுமை ஏற்றும் கம்பெனிகளிடையே கை மாறியது. நான்கு சிலிண்டர், 7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி வழியாகத்தான் சுழற்சி போகும். காற்றடைத்த டயர் அந்தப் பாரத்தைத் தாங்காத காலம் என்பதால் கெட்டி ரப்பர் டயர்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். வண்டி, டிரெய்லர், சுமை எல்லாம் சேர்த்து 150 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் அதை உருட்டிக்கொண்டே போக எடையில் சுமார் 2 சதவீத விசை போதும், அதாவது 3 டன் இழுவை. 80 எச்.பி. என்பது ஏறக்குறைய 60 கிலோவாட். அதில் கியரிலும் சங்கிலியிலும் வீணாவதைக் கழித்தால் மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுவையைக் கொடுக்க முடியும். இருபதுக்கு ஒன்று ஏற்றம் வந்தால் கூடுதலாக 7.5 டன் தேவை. இழுவை மூன்றரை மடங்கு ஆனால் வேகம் மூன்றரை மடங்கு குறையும், அவ்வளவுதான். பக்கத்தில் நடந்து வருகிறவர் வண்டிக்காக நின்று நின்று போக வேண்டியிருக்கும்.

எச்.பி. என்பது எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்லாது, எவ்வளவு சீக்கிரம் இழுக்கும் என்பதைத்தான் சொல்லும். இழுவையைத் தீர்மானிப்பது கியர். எஞ்சின் படுவேகமாகச் சுற்ற, சக்கரம் ஆமை வேகத்தில் சுற்றும்படி பற்சக்கரங்களை அமைத்துவிட்டால் எஞ்சின் கலங்காது. மிச்சக் கவலை ஒன்றுதான்: சக்கரம் சாலையில் வழுக்காமல் பிடிக்குமா? 100 டன் வண்டியில் டிரெய்லரின் முன்பகுதி இழுவை வண்டியின் பின் சக்கரங்கள் மேலேயே உட்காரும். சுமையின் ஒரு பங்கு அங்கே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

பின்னாளில் அந்தப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, மான்செஸ்டர் பக்கத்து கார்ட்னர் கம்பெனியின் 6எல்.டபிள்யூ. டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். 8.4 லிட்டர், 102 எச்.பி. வேகம் பெரிதாகக் கூடவில்லை. எரிபொருள் செலவுதான் வெகுவாகக் குறைந்தது. கார்ட்னரின் பெயரே சிக்கனத்தாலும் உழைப்பாலும் வந்ததுதான்.

ரயில் என்ஜினை ஏன் சாலையில் ஏற்றிப் போனார்கள்? தண்டவாளத்தில் ஓட்டிப் போயிருக்கலாமே?

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியாவின் அகல ரயில் பாதை 5 அடி 6 அங்குலம். பிரிட்டன் பாதை 4 அடி எட்டரை அங்குலம். இந்தியாவுக்காகச் செய்த என்ஜின், செய்த ஊரின் தண்டவாளத்தில் நிற்கவே நிற்காது. மீட்டர் பாதை என்ஜினுக்கும் அதே கதிதான். அதனால் தொழிற்சாலையிலிருந்து துறைமுகம் வரை முழு என்ஜினையும் டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இரண்டு ஊர்கள் இதற்குப் பேர்போனவை. ஒன்று, லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலுள்ள நியூட்டன்-லி-வில்லோஸ். அங்கேதான் வல்கன் ஃபவுண்டரி இருந்தது. 1853இல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே ஓடிய முதல் பயணிகள் ரயிலின் என்ஜின்கள் அங்கே செய்தவைதான். 1930களில் அங்கிருந்து லிவர்பூல் கப்பல்துறைக்கு என்ஜின்களைக் கொண்டுபோன வேலையில் ஸ்கேமல் 100 டன் வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று கிளாஸ்கோ. ஸ்பிரிங்பர்ன் பகுதியில் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி. சுதந்திர இந்தியாவின் சரக்கு ரயில்களை இழுத்த டபிள்யூ.ஜி. வகை என்ஜின்களில் முதலில் வந்தவை, 1950இல், அங்கே செய்தவை. ஸ்பிரிங்பர்னிலிருந்து நகரத் தெருக்கள் வழியாக கிளைட் ஆற்றங்கரைக்கு இறக்கிக் கொண்டுவந்து, ஃபின்னிஸ்டன் கிரேனால் தூக்கிக் கப்பலில் வைப்பார்கள். 175 டன் தூக்கும் கிரேன் அது. இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது, வேலைதான் இல்லை. அந்தக் காலப் படங்களில் முன்னால் இழுவை வண்டி, நடுவில் புது வண்ணம் பூசிய என்ஜின், இரு பக்க நடைபாதையிலும் தொப்பி போட்ட கூட்டம். என்ஜினை எந்த ஊருக்குச் செய்தார்களோ அந்த ஊர்க்காரர்கள்கூட இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்களா, தெரியாது.

டிரெய்லரின் பின்னால் ஒரு ஆள் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்?

பின் சக்கரங்களைத் திருப்புகிறவர். டிரெய்லர் நீளமாக இருந்தால் முன்வண்டி திரும்பும்போது பின்பகுதி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போய் மூலைக் கடையில் ஏறிவிடும். அதைத் தவிர்க்கப் பின் சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த வேலைக்குத் தனி ஆள். முன்னால் இருக்கும் டிரைவரோடு பேச 100 டன் வண்டியில் ஒரு டெலிபோன் இணைப்பே வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ரயில் என்ஜின் மறைத்து நின்றால் கையைக் காட்டி என்ன பயன்?

இவரைத் தவிர, கூடவே நடந்து வரும் ஆட்களும் உண்டு. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. கையில் மரக்கட்டையோடு சக்கரத்தை ஒட்டியே நடந்து, நின்ற கணத்தில் பின்னால் கட்டையைச் செருக வேண்டும். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, கட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். நல்ல பிரேக் வந்த பிறகும் கட்டைக்காரரை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

ஆபத்தான வேலை. டிரைவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். பழைய படங்களில் டிரைவரின் பெயர் எழுதியிருக்கும். கட்டையோடு நிற்பவர் வெறும் ஆளாக நிற்பார்.

எல்லா விழாவிலும் பழைய ராணுவ வண்டிகள்தான் நிறைய இருக்கின்றன. ஏன்?

1945க்குப் பிறகு அவை மலிவாகக் கிடைத்தன. போரில் டாங்கிகளைச் சுமந்த வண்டிகளை ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்டது. அதே சமயத்தில் நாடு முழுக்க மின்நிலையங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மின்மாற்றிகளின் எடை 100 டன்னைத் தாண்டிக்கொண்டிருந்தது. புது வண்டி வாங்கக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை.

அதிகம் தென்படுவது டயமண்ட் டி 980. சிகாகோவில் செய்தது, பிரிட்டிஷ் ராணுவம் கேட்டதற்காகவே வடிவமைத்தது. ஆறு சிலிண்டர், 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் எஞ்சின். 50 டன்னுக்கு மேல் இழுக்கும் என்று கணக்கு. 5,800க்கும் அதிகமாகச் செய்தார்கள், அதனால்தான் இத்தனை மிஞ்சின. 980க்கும் 981க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: வின்ச், அதாவது கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை. 980இல் 300 அடி கம்பிவடம், பின்பக்கமாக மட்டும் இழுக்கும். 981இல் 500 அடி, முன்னாலும் இழுக்கும்.

இன்னொன்று பசிபிக் எம்26. வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கார் அண்ட் ஃபவுண்டரி செய்தது. கவசத் தகடு போர்த்திய முகம், சுமார் 18 லிட்டர் ஹால்-ஸ்காட் பெட்ரோல் எஞ்சின், 240 எச்.பி., பின்பக்கம் சங்கிலி இயக்கம். ஒரு லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூடத் தராது. போரில் பெட்ரோலுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்! சொந்தக் காசில் ஓட்டும்போது பார்த்துத்தானே ஆக வேண்டும். நியூபோர்ட்டின் வின்ஸ் கம்பெனி இவற்றில் சிலவற்றை வாங்கி, கவசத்தைக் கழற்றி எறிந்து, சொந்தப் பட்டறையில் புது உடம்பு கட்டி, டீசல் எஞ்சின் பொருத்தி, சிவப்பு வண்ணம் அடித்துக் களத்தில் இறக்கியது. டிரெட்நாட், கான்கரர், ஹெல்ப்மேட் என்றெல்லாம் போர்க்கப்பல்போலப் பெயரும் வைத்தார்கள். சண்டைக்காகச் செய்த வண்டி, கட்டுமான வேலையில்தான் அதிக வருஷம் உழைத்தது.

டயமண்ட் டி ஓட்டுவது எப்படி இருக்கும்?

ஓட்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். மூக்கு அவ்வளவு நீளம், அதன் நுனிக்கு முன்னால் ஒரு ஆள் நின்றால் தெரியாது. கண்ணாடி சின்னது. கேபினுக்குள் இரண்டு கியர் கம்பிகள். ஒன்று நான்கு கியர், இன்னொன்று அதற்கு மேல் மூன்று நிலை கொண்ட துணை கியர்பெட்டி. நாலும் மூணும் பெருக்கினால் பன்னிரண்டு. கியர் பற்கள் சுலபமாகச் சேர உதவும் சிங்க்ரோ எதிலும் கிடையாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். சில இடங்களில் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். அப்போது வண்டியின் சொந்தக்காரர் ஸ்டீயரிங் வளையத்துக்குள் கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கையால் மற்றதைத் தள்ளினார். அந்த ஒரு நொடிக்கு ஸ்டீயரிங் அவருடைய முழங்கையில் இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் அதிகம், ஆனால் அலறல் இல்லை. கீழிருந்து வரும் ஒரே சீரான உறுமல். ஏற்றத்தில் எஞ்சின் மூச்சுத் திணறுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். திணறிய பிறகு குறைக்கப் பார்த்தால் பல் சேராது, வண்டி நின்றுவிடும். நின்றால் கட்டைக்காரருக்கு வேலை.

இழுவை வண்டியின் முதுகில் ஏன் கான்கிரீட் கட்டிகள்?

சுமை முழுக்கத் தனி டிரெய்லரில் இருந்தால் இழுவை வண்டியின் சக்கரத்தின் மேல் பாரம் இருக்காது, வழுக்கும். அதற்காக 8, 10 டன் இரும்பையோ கான்கிரீட்டையோ பெட்டியில் போட்டு அழுத்திக்கொள்வார்கள். தார் பாய் மூடியிருப்பதால் பலர் அதைச் சரக்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று பல வண்டிகளைக் கட்டுகிறார்களே, ஒன்றையொன்று இடிக்காதா?

இடிக்காது, நடுவில் கெட்டியான இரும்புத் தண்டு இருக்கிறது. ஒத்துப்போகாமல் இழுத்தால் தண்டு முறியும் என்பதுதான் பயம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளட்சை விட வேண்டும், ஒரே மாதிரி கியரில் இருக்க வேண்டும். ரேடியோ வருவதற்கு முன் இதையெல்லாம் கையசைவிலும் ஹாரனிலும் விசிலிலும் நடத்தினார்கள். பின்னால் தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் தெரிவது மின்மாற்றியின் சுவர் மட்டுமே. ஏற்றத்தில் தள்ளி, இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதும் அவர்தான். என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்கார டிரைவரைப் பின்னால்தான் உட்கார வைக்க வேண்டும்.

டிரெய்லருக்கு ஏன் அத்தனை சக்கரங்கள்?

பாலங்களுக்காக. இந்தத் தொழிலின் உண்மையான எதிரி மலை ஏற்றம் இல்லை, பழைய பாலம்தான். குதிரை வண்டிக் காலத்தில் கால்வாய்க்கு மேலும் ரயில் பாதைக்கு மேலும் கட்டிய செங்கல் வளைவுகள் மேல் 200 டன்னை எப்படி ஏற்றுவது? அதனால் வேலை வண்டி கிளம்புவதற்குப் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். ஒரு ஆள் பாதை முழுக்கப் போய் வளைவு, உயரம், பாலம் எல்லாவற்றையும் அளந்து வருவார். பாலத்தின் சொந்தக்காரர்கள் அனுமதி தர வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும். சாலை விளக்குக் கம்பத்தைக் கழற்றி, வண்டி போன பிறகு திரும்ப நடுவதும் உண்டு.

டிரெய்லர் பக்கத்தில் மூன்று நான்கு தந்திரங்கள் இருந்தன. முதலாவது, சுமையை நிறையச் சக்கரங்களுக்குப் பகிர்வது. அதில் ஒரு சிக்கல்: சாலை மேடு பள்ளமாக இருந்தால் சில சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும், மிச்சமிருப்பவை மொத்தத்தையும் சுமக்கும். காகிதத்தில் 64 சக்கரம் இருந்தும் பயனில்லை. இதற்கு ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் வழி காட்டியது. ஒவ்வொரு சக்கரக் கூட்டத்துக்கும் ஒரு சிலிண்டர், எல்லாவற்றையும் எண்ணெய்க் குழாயால் இணைத்துவிடுவார்கள். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடி அதைக் கீழே தள்ளும், மேட்டில் ஏறினால் எண்ணெய் திரும்பிப் போகும். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பாரம். சுமை ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க இந்த இணைப்புகளை மூன்று அல்லது நான்கு தனிக் குழுக்களாகப் பிரித்து வைப்பார்கள். பிரான்சின் நிக்கோலா, ஜெர்மனியின் கோல்டுஹோஃபர், ஷோயர்லே கம்பெனிகள் இதில் பேர்வாங்கின. பிரிட்டனில் நார்ஃபோக் மாவட்டத்து டெரெம் ஊரின் கிரேன்ஸ் கம்பெனி. முப்பந்தல் பக்கம் காற்றாலைக்குக் கனமான பாகங்களை ஏற்றிப் போகும் ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

இரண்டாவது, நீண்ட இரும்புத் தூலங்கள். இரண்டு தூலங்களுக்கு நடுவில் மின்மாற்றியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், வெகு தூரம் தள்ளிப் பின்னால் இன்னொன்று. முன் கூட்டம் சிறிய பாலத்தைத் தாண்டிய பிறகுதான் பின் கூட்டம் அதில் ஏறும். பாலத்துக்கு ஒரு நேரத்தில் பாதிச் சுமைதான்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் மின் உற்பத்தி வாரியம், காற்று மெத்தையில் மிதக்கும் ஹோவர்கிராஃப்ட் வண்டியின் உத்தியை டிரெய்லரில் சேர்த்தது. சுமைக்கு அடியில் ரப்பர் பாவாடை கட்டி, கூடவே வரும் வண்டியிலிருந்து காற்றை ஊதுவார்கள். பலவீனமான பாலம் வரும்போது ஊதினால் எடையில் ஒரு பங்கு சக்கரத்தைவிட்டு நீங்கி, காற்று மெத்தை வழியாகப் பாலத்தின் பரப்பு முழுக்கப் பரவும். பாலத்தைப் பலப்படுத்தும் செலவைவிட இது மலிவாக வந்தது.

இதுவும் சரிவராவிட்டால் கடல் வழிதான். 1966இல் ஜேம்ஸ் ஃபிஷர் கம்பெனியின் கிங்ஸ்நார்த் ஃபிஷர், அபர்தா ஃபிஷர் என்ற இரண்டு கப்பல்கள் இந்த மின்நிலைய வேலைக்காகவே வந்தன. டிரெய்லர் சுமையோடு அப்படியே கப்பலுக்குள் உருண்டு போகும்.

ஸ்கேமல் கம்பெனி என்ன ஆனது?

1955இல் லேலண்ட் வாங்கியது, ஆம், நம் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்ட். அதற்குப் பிறகும் கான்ட்ராக்டர், எஸ்24 என்று நல்ல வண்டிகள் வந்தன. 1964இல் வந்த கான்ட்ராக்டர்தான் பிக்ஃபோர்ட்ஸ், வின்ஸ் இருவருக்கும் பல வருஷம் முதுகெலும்பு. கம்மின்ஸ் எஞ்சினும், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத அரைத் தானியங்கி கியர்பெட்டியும் வந்த பிறகு டிரைவர்களின் இடது கால் பிழைத்தது. 1987இல் லேலண்ட் லாரிப் பிரிவு டச்சு நாட்டு டாஃப் கம்பெனியோடு சேர்ந்தது. அடுத்த வருஷமே வாட்ஃபோர்டு தொழிற்சாலைக்குப் பூட்டு.

பிரிட்டனுக்கு வெளியே?

இரண்டு மட்டும் சொல்கிறேன். தார்னிகிராஃப்ட் ஆன்டார், ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் குழாய்களைப் பாலைவனத்தில் ஏற்றிப்போகச் செய்த வண்டி. பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் அதை செஞ்சூரியன் டாங்கிகளுக்கு எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் ராணுவ வண்டிதான் சந்தைக்கு வரும், இது தலைகீழ். இன்னொன்று ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் கர்ட் யோஹான்சன். போருக்குப் பிறகு ஒரு டயமண்ட் டி வாங்கி, அதற்கு பெர்த்தா என்று பெயர் வைத்து, முன்வண்டியின் தடத்திலேயே பின்வரும் டிரெய்லர்களைத் தானே செய்து, மாடுகளை ஏற்றிப் போனார். ஒரே லாரி பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் இன்றைய ரோடு டிரெயின்களுக்கு முன்னோடிகளில் அவர் ஒருவர்.

எங்கே பார்க்கலாம்? ஓட்ட விடுவார்களா?

கே.டி. 9168 இன்றும் பத்திரமாக இருக்கிறது. கிளாஸ்கோவின் ரிவர்சைடு மியூசியத்தில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி தென்னாப்பிரிக்காவுக்குச் செய்த 15எஃப் என்ஜின் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், இதையா தெருவழியே கொண்டுபோனார்கள் என்று தோன்றும். அங்கிருந்து ஃபின்னிஸ்டன் கிரேன் நடந்து போகும் தூரம்தான். கிரேட் டோர்செட் நீராவி விழாவில் சரிவான களத்தில் நிஜச் சுமையோடு இழுத்துக் காட்டுவது வழக்கமாக இருந்தது. நான் கடைசியாகப் பார்த்தது 2022இல். கிளம்பும் முன் விழா இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1960க்கு முன் செய்த லாரியைச் சுமையில்லாமல் சாதாரணக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. கேட்டதும் பலருக்கு ஆசை வந்துவிடும். லைசென்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு டயரின் விலையை முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால், வண்டி நிறுத்த இடம் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடம் பார்க்காமல் வாங்கியவர்களின் வண்டிகள்தான் விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன.